பாலுக்குப் போட்ட மதிப்பெண்

ஆதிரைக்கு இரண்டரை வயதானபோது அவள் மூளைக்கு ஐம்பத்தெட்டு மதிப்பெண் போட்டார்கள்.

திருச்சி உறையூரில் பிள்ளைகளைச் சோதிக்கும் அரும்பு மையத்தில் அன்று நல்ல கூட்டம். அவள் அம்மா தன்யா கைபேசியில் வந்த எண்ணைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டு நின்றாள். எழுபதும் அதற்கு மேலும் வாங்கிய பிள்ளைகள் பள்ளியில் வளர் பிரிவுக்குப் போவார்கள். அதற்குக் கீழே என்றால் துணைப் பிரிவு. கட்டடம் வேறு, ஆசிரியர்கள் வேறு, பாடம் வேறு. ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறலாம் என்று விதியில் இருந்தது. அப்படி மாறிய ஒரு பிள்ளையைக்கூட அவள் பார்த்ததில்லை.

இடுப்பில் இருந்த ஆதிரை ஜன்னல் வழியே சாலையைப் பார்த்து, அந்த பஸ் ஏன் வாயை மூடிக்கிட்டு நிற்குது என்று கேட்டாள். கதவு சாத்திய பஸ் ஒன்று நிறுத்தத்தில் நின்றிருந்தது. இப்படிக் கேட்கிற பிள்ளைக்கா ஐம்பத்தெட்டு என்று தன்யா நினைத்தாள். மேஜையில் இருந்த பெண்ணிடம் எதனால் குறைந்தது என்று கேட்டாள். மதிப்பெண்ணுக்கு விளக்கம் தருகிற வழக்கம் இல்லை, துணைப் பிரிவும் நல்லாத்தான் இருக்கும் மேடம் என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் அடுத்தவரைக் கூப்பிட்டாள்.

அரும்பு வாரியத்தை ஆரம்பித்தவர்கள் கெட்ட எண்ணத்தோடு ஆரம்பிக்கவில்லை. குழந்தையின் முதல் இரண்டு வருடத்தில் மூளை வளர்கிற வேகம் பிறகு எப்போதும் வராது. மின்கம்பியின் மேல் ரப்பர் போல, நரம்பிழைகளின் மேல் ஒரு கொழுப்பு உறை படர்கிற காலம் அது. உறை தடிக்கத் தடிக்கச் செய்தி வேகமாக ஓடும். தாய்ப்பாலில் இருக்கும் கொழுப்பும், பால் குடிக்கும்போது கிடைக்கிற அணைப்பும் பேச்சும் அதற்கு உதவுகின்றன என்று ஆராய்ச்சிகள் சொல்லின. வாரியம் அதைக் கையில் எடுத்தது. பிரசவ விடுப்பு ஒரு வருடமானது. அலுவலகங்களில் பாலூட்டும் அறை கட்டாயமானது. பால் கட்டிக்கொண்டால், பிள்ளை வாய் வைக்க மறுத்தால், வீட்டுக்கே வந்து உதவ நர்ஸ்கள் வந்தார்கள். தாய்ப்பால் வங்கிகள் திறந்தன. பெண்கள் வாரியத்தை வாழ்த்தினார்கள்.

பிறகு தொப்பி வந்தது. பார்க்கத் துணித்தொப்பி மாதிரிதான் இருக்கும். உள்பக்கம் பூராவும் பொடிப்பொடி விளக்குகள். குழந்தையின் தலையில் போட்டுவிட்டுத் திரையில் யானை, பந்து, அம்மா முகம் என்று காட்டுவார்கள். வெளிச்சம் மண்டையோட்டைக் கடந்து போய், மூளையில் எந்த இடத்தில் எவ்வளவு ரத்தம் ஓடுகிறது என்று பார்த்துவிட்டு வரும். அதை வைத்து மென்பொருள் ஓர் எண்ணைச் சொல்லும். முதலில் அந்த எண் ஆராய்ச்சிக்கு மட்டும்தான் என்றார்கள். இரண்டே வருடத்தில் பள்ளிச் சேர்க்கை அதை வைத்துத்தான் நடந்தது.

தன்யா பால் கொடுக்கவில்லை. கர்ப்பத்தின் எட்டாம் மாதத்தில் இடது மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. ஆதிரை பிறந்து பால் இறங்கிய மறுநாளே அதை நிறுத்த மாத்திரை கொடுத்தார்கள். பிறகு மருந்து ஏற்றினார்கள். அதன் பிறகு இரண்டு மார்பையும் எடுத்தார்கள். தாய்ப்பால் வங்கியில் கேட்டபோது, குறைமாதத்தில் பிறந்த பிள்ளைகளுக்கே பற்றவில்லை என்று கையை விரித்தார்கள். ஆதிரை பவுடர் பாலில் வளர்ந்தாள். முடி கொட்டிய தலையோடு தன்யா படுக்கையில் கிடக்க, அவள் கணவன் கவின் பக்கத்தில் உட்கார்ந்து புட்டியைப் பிடிப்பான். தன்யா பிள்ளையிடம் பேசிக்கொண்டே இருப்பாள். தூக்க மருந்தில் நாக்கு குழறினாலும் பேசுவாள்.

இதெல்லாம் தெரியாதவர்கள் அவளிடம், கொஞ்சம் முயற்சி செய்திருக்கலாமே என்றார்கள். தெரிந்தவர்கள் ஒன்றும் சொல்லாமல் ஆதிரையின் தலையைத் தடவினார்கள். அது இன்னும் மோசமாக இருந்தது. பஸ் நிறுத்தங்களில் வாரியத்தின் விளம்பரப் பலகைகள் நின்றன. பால் குடிக்கும் குழந்தையின் படம். கீழே ‘உன் பால்தான் அவள் அறிவு’ என்ற வரி. தன்யா தினமும் வேலைக்குப் போய்வருகிற வழியில் மட்டும் அப்படி நான்கைந்து பலகைகள். அவள் போனைப் பார்த்துக்கொண்டே நிற்கப் பழகினாள்.

துணைப் பிரிவில் ஆதிரையைச் சேர்த்தார்கள். அங்கே யாரும் பிள்ளைகளைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. எல்லாரும் அன்பாகத்தான் இருந்தார்கள். ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி, இழுத்து, சத்தமாகச் சொன்னார்கள். ஒரே பாட்டு, ஒரே மணிகோர்க்கும் பயிற்சி. கேள்வி கேட்டால் ‘அப்புறம்’ என்றார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது ஆதிரை, “அப்... பா... தண்... ணீ... வே... ணும்” என்றாள்.

ஏன் இப்படி இழுத்து இழுத்துப் பேசுறே என்று கவின் கேட்டான்.

“மிஸ் இப்படித்தான் பேசுவாங்க,” என்றாள் ஆதிரை, வேகமாக.

 வரவர அந்த இழுப்பு கூடியது. பஸ்ஸின் வாயைப் பற்றிக் கேட்டது மாதிரியான கேள்விகளை ஆதிரை கேட்பது நின்றுபோனது. வாரியத்தின் உதவி எண்ணில் கூப்பிட்டால் இனிமையான குரல் ஒன்று தன்யா சொன்னதையே திருப்பிச் சொல்லிவிட்டு, புகார் பதிவாகிவிட்டது என்றது. நேரில் போனால் இணையத்தில் பதியச் சொன்னார்கள். இணையத்தில் பதிந்தால் நேரில் வரச் சொன்னார்கள். கடைசியில் யாரோ சொன்னார்கள், வெளியூர் மையத்தில் ஒரு தடவை மறுதேர்வுக்கு விதி இருக்கிறது என்று. பழைய மதிப்பெண்ணைப் பார்த்தால் பாரபட்சம் வந்துவிடும் என்பதால் அங்கே பழைய விவரம் எதையும் காட்டமாட்டார்கள். எல்லாம் புதிதாகப் பதிவார்கள்.

மூன்று பேருமாகத் தஞ்சாவூர் மையத்துக்குப் போனார்கள். பதிவு செய்கிற பெண் பேர், வயது எல்லாம் கேட்டு முடித்து, தாய்ப்பால் எத்தனை மாதம் கொடுத்தீர்கள் என்றாள். பின்னால் நீள வரிசை. தன்யா வாயைத் திறப்பதற்குள் கவின், “ஒன்றரை வருஷம்” என்றான். அவள் பக்கம் அவன் திரும்பவில்லை.

இத்தனை நாளில் ஒரு தடவைகூட அவன் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. அவனுக்கும் அது குறையாகத்தான் இருந்திருக்கிறது என்று தன்யா நினைத்துக்கொண்டாள். ஆதிரை உள்ளே யானையும் பந்தும் பார்த்துக்கொண்டிருந்த நேரம் முழுக்க, இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மதிப்பெண் எண்பத்தொன்று.

கவினுக்குக் கண் கலங்கிவிட்டது. பிள்ளையைத் தூக்கிச் சுற்றினான். திரும்பி வரும்போது பஸ்ஸில் தன்யா கேட்டாள், ஏன் பொய் சொன்னே என்று. 

“நீ ஒவ்வொரு இடத்துலயும் ‘கொடுக்கலை’ன்னு சொல்லுவே. அவங்க உன்னை மேலேயும் கீழேயும் பாப்பாங்க. அப்போ உன் முகம் போற போக்கை என்னால பாக்க முடியலை தன்யா. அதான்.”

அவள் அவன் தோளில் சாய்ந்துகொண்டாள். ஆனால் திருச்சி வருவதற்குள் வேறொன்று மனதில் உறுத்த ஆரம்பித்தது. அதே பிள்ளை. நடுவில் ஆறே மாதம், அதுவும் துணைப் பிரிவில் மணி கோர்த்துக்கொண்டு. மாறியது தாய்ப்பால் பற்றிய ஒரே ஒரு பதில்தான்.

உறையூர் மையத்தின் மருத்துவர் ரித்திகா நாற்பது வயதுக்காரர். தன்யா தனியாகப் போய்ப் பார்த்தாள். முதலில் அவர் நழுவினார். இரண்டு மதிப்பெண்ணையும் பக்கத்தில் வைத்துக் காட்டியதும் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

“இரண்டு வயசுப் பிள்ளை அசையாம உட்காருமா? தலையை ஆட்டும், தொப்பியைப் பிடிச்சு இழுக்கும். அசைஞ்சா சிக்னல் உடைஞ்சுபோகும். பாதி நேரம் எங்களுக்குக் கிடைக்கிறது வெறும் இரைச்சல்தான்.”

“அப்போ மதிப்பெண் எங்கிருந்து வருது டாக்டர்?”

“விட்டுப்போன இடத்தை மென்பொருள் நிரப்பும். இதுக்கு முன்னாடி பார்த்த லட்சக்கணக்கான பிள்ளைங்களோட கணக்கு அதுக்குத் தெரியும். இத்தனை மாசம் தாய்ப்பால் குடிச்ச பிள்ளைக்குப் பொதுவா இவ்வளவு இருக்கும்னு ஒரு அனுமானம்.”

“பொதுவா.”

“ஆமா, பொதுவா. தாய்ப்பால் நல்லது, அதுல சந்தேகமே இல்லை. ஆயிரம் பிள்ளைங்களைச் சேர்த்துப் பார்த்தா ஒரு வித்தியாசம் தெரியும், சின்ன வித்தியாசம்தான். ஆனா ஒரு தனிப் பிள்ளையைப் பத்தி அது எதுவும் சொல்லாது. வீட்டுல எவ்வளவு பேசுறாங்க, எப்படித் தூங்குது, உடம்பு எப்படி, எல்லாம் சேர்ந்துதான் ஒரு மூளை.”

 தன்யா சொன்னாள்: “என் பொண்ணோட தலைக்குள்ள நீங்க எட்டிக்கூடப் பாக்கலை. என் நெஞ்சைப் பாத்துட்டு அவளுக்கு மார்க் போட்டிருக்கீங்க.”

ரித்திகா மறுக்கவில்லை. இதை வாரியத்தில் தானும் இரண்டு தடவை சொல்லியாயிற்று என்றும், திருத்தினால் இதுவரை போட்ட எல்லா மதிப்பெண்ணையும் திருத்த வேண்டிவரும் என்று பதில் வந்ததாகவும் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, எண்பத்தொன்றை வைத்துக்கொண்டு பேசாமல் பிள்ளையை வளர் பிரிவில் சேர்த்துவிடுங்கள் என்றார்.

கவினும் அதைத்தான் சொன்னான். தன்யாவால் முடியவில்லை. துணைப் பிரிவில் ஆதிரையோடு இருந்த பிள்ளைகளில் பாதிப்பேரின் அம்மாக்களை அவளுக்குத் தெரியும். ஒருத்திக்கு வலிப்பு மருந்து; பால் கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஒரு பிள்ளை தத்தெடுத்தது. ஒருத்திக்குப் பால் வரவே இல்லை, காரணம் கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. அத்தனை பிள்ளைகளும் இழுத்து இழுத்துப் பேசக் கற்றுக்கொண்டிருந்தன.

அவள் மேல்முறையீடு செய்தாள். வாரியத்தின் மண்டலத் தலைவர் முன்னால் விசாரணை. தலைவர் மரியாதையானவர், அவள் பேசி முடிக்கும்வரை குறுக்கிடவே இல்லை. ஒரே பிள்ளைக்கு இரண்டு மதிப்பெண், நடுவில் ஒரு பொய், அவ்வளவுதான் வித்தியாசம் என்று அவள் சொல்லி முடித்தாள். தலைவர் பக்கத்தில் இருந்தவர்களோடு பேசிவிட்டு முடிவைப் படித்தார். மனுதாரரின் கணவர் தவறான தகவல் கொடுத்ததை மனுதாரரே ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆகவே தஞ்சாவூர் மதிப்பெண் ரத்து. முதல் மதிப்பெண்ணே செல்லும். மென்பொருளை வல்லுநர்கள் சரிபார்த்திருக்கிறார்கள். அதைப் பற்றிய புகாருக்கு இது இடமில்லை.

வீட்டுக்கு வந்ததும் கவின் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் பரவாயில்லை என்று அவளுக்கு இருந்தது.

“உனக்கு நியாயம் வேணும். எனக்கு அவளுக்கு ஒரு நல்ல கிளாஸ் வேணும்,” என்றான். “கையில இருந்ததை எடுத்துக் கொடுத்துட்டு வந்துட்டே.”

 பல வாரங்கள் அவர்களுக்குள் உப்பு, தண்ணீர், பால் பாக்கெட் தவிர வேறு பேச்சில்லாமல் போயிற்று.

விசாரணையில் இருந்த யாரோ அவள் பேசியதைப் பதிவு செய்து வெளியிட்டிருந்தார்கள். அது ஊரெங்கும் போனது. தன்யா அதைக் கேட்டுப் பெண்கள் கொதித்தெழுவார்கள், வாரியத்தின் வாசலில் வந்து நிற்பார்கள் என்று எதிர்பார்த்தாள். யாரும் வரவில்லை. அந்தப் பேச்சிலிருந்து அவர்கள் எடுத்துக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்: பதிவில் என்ன சொல்ல வேண்டும் என்பது. அடுத்த சேர்க்கையில் மாநிலத்தில் ஏறக்குறைய எல்லாத் தாய்மார்களும் ஒன்றரை வருடம் பால் கொடுத்திருந்தார்கள்.

ஏற்கனவே துணைப் பிரிவில் பதிவான பிள்ளைகளுக்கு மட்டும் அந்த வழி இல்லை. அவர்களுடைய பதில் பதிவில் ஏறிவிட்டது; தன்யாவின் விசாரணைக்குப் பிறகு மறுதேர்விலும் அந்தப் பழைய பதிலையே எடுத்துக்கொண்டார்கள்.

“எல்லாரும் நான் சொன்ன பொய்யைத்தான் சொல்றாங்க,” என்றான் கவின். “நம்ம பொண்ணு மட்டும் உண்மையோட உக்காந்திருக்கா.”

மதிப்பெண்கள் ஏறின. வாரியம் விழா எடுத்தது. தாய்ப்பால் ஊட்டுவது நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டை எட்டிவிட்டது என்றும், மாநிலத்தின் குழந்தைகள் முன்னெப்போதும் இல்லாத அறிவோடு வளர்கிறார்கள் என்றும் அறிவித்தார்கள். திட்டம் இலக்கை அடைந்துவிட்டது. இனி இவ்வளவு செலவு தேவையில்லை. வீட்டுக்கு வரும் நர்ஸ்கள் நிறுத்தப்பட்டார்கள். தாய்ப்பால் வங்கிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. பிரசவ விடுப்பு ஒரு வருடத்திலிருந்து பத்து வாரமானது.

தன்யா வேலை பார்த்த காப்பீட்டு அலுவலகத்தில் ஹர்ஷிதா என்ற பெண் அவளுக்கு அடுத்த இருக்கை. தன்யாவை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அவளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. பால் நிறைய இருந்தது, கொடுக்க ஆசையும் இருந்தது. பத்து வாரம் முடிந்து வேலைக்கு வந்தபோது பாலூட்டும் அறையில் பழைய கணினிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். மதிய நேரத்தில் பால் கட்டி, நெஞ்சு கல்லாகி, அவள் கழிவறையில் நின்று பிழிந்து ஊற்றிவிட்டு முகம் கழுவிக்கொண்டு வருவாள். இப்படியே ஒரு மாதம். மார்பு பழுத்துக் காய்ச்சல் வந்தது. உதவிக்கு யாரைக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. வருகிற நர்ஸ் இல்லை. பிறகு பால் வற்றிவிட்டது.

“எனக்கு இருந்தும் கொடுக்க முடியலைக்கா,” என்று அவள் சொன்னபோது தன்யாவுக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. தனக்கு இல்லாமல் போனது நோயால். இவளுக்கு இல்லாமல் போனது தான் பேசிய ஒரு பேச்சால் என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

மறுபடி மனு எழுதினாள். விடுப்பையும் நர்ஸ்களையும் திரும்பக் கொடுக்கச் சொல்லி. இந்த முறை ஹர்ஷிதாவும் வந்து நடந்ததைச் சொல்வதாக ஒத்துக்கொண்டாள். கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டு வந்தாள்.

அதே மண்டலத் தலைவர். தன்யாவை அடையாளம் தெரிந்து புன்னகைத்தார்.

“தாய்ப்பாலால ஒரு பயனும் இல்லைன்னு சொன்னவங்க நீங்கதானேம்மா?”

“நான் அப்படிச் சொல்லவே இல்லை சார். பால் கொடுக்க முடியாதவளோட பிள்ளையைத் தண்டிக்காதீங்கன்னு சொன்னேன். இப்போ கொடுக்க முடிஞ்சவங்களைக் கொடுக்க விடுங்கன்னு சொல்றேன். ரெண்டும் ஒண்ணுதான்.”

தலைவர் திரையைத் திருப்பிக் காட்டினார். தாய்ப்பால் கொடுப்பவர்களின் கணக்கைக் காட்டும் கோடு மேலே மேலே போய்க்கொண்டிருந்தது. விடுப்பைக் குறைத்த பிறகும் அது இறங்கவில்லை. விடுப்பு இல்லாமலே எல்லாரும் ஒன்றரை வருடம் கொடுக்கிறார்கள் என்றால் அந்த விடுப்பு எதற்கு என்று கேட்டார்.

அந்த எண் பொய் என்றாள் தன்யா.

“இருக்கலாம். பொய் சொன்ன ஒரு அம்மாவைக் காட்டுங்க, எழுதிக்கிறேன்.” அவர் குரலில் கேலி இல்லை. ஹர்ஷிதா பக்கம் திரும்பினார். “நீங்க சொல்லுங்கம்மா. நீங்க சொல்றது குழந்தையோட பதிவுல ஏறும். அது விதி, என்னால மாத்த முடியாது. பால் கொடுக்கறதை நிறுத்திட்டீங்களா?”

ஹர்ஷிதா மடியில் இருந்த குழந்தையைப் பார்த்தாள். அது அவளுடைய கைக்கடிகாரத்தைப் பிடித்து வாயில் வைக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் தலை நிமிராமலே பதில் சொன்னாள்.

“இல்லை சார். கொடுத்துக்கிட்டுதான் இருக்கேன்.”

தலைவர் தன்யாவைப் பார்த்து, வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். அவள் இல்லை என்றாள்.

வெளியே நல்ல வெயில். இருவரும் பஸ் நிறுத்தம் வரை நடந்தார்கள். என்னை மன்னிச்சிருங்கக்கா என்று ஹர்ஷிதா ஆரம்பித்தபோது தன்யா அவள் கையைப் பிடித்து, விடு என்றாள். உண்மையிலேயே அவளுக்கு ஹர்ஷிதா மேல் கோபம் வரவில்லை. வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்றுதான் தெரியவில்லை.

குழந்தை பசியில் அழ ஆரம்பித்தது. ஹர்ஷிதா பையைத் திறந்து புட்டியைப் பாதி எடுத்தவள் நிறுத்தத்தில் இருந்தவர்களைப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே வைத்தாள். அழுகை கூடியது. தன்யா அவளைச் சுவர்ப் பக்கம் திரும்பி உட்காரச் சொன்னாள். ஹர்ஷிதாவின் துப்பட்டாவை விரித்துத் தோளிலிருந்து குழந்தையின் தலை வரை மூடி, அந்தப் பக்கம் யார் பார்வையும் விழாதபடி மறைத்துக்கொண்டு நின்றாள். துணிக்கு உள்ளே ஹர்ஷிதா புட்டியைக் குழந்தையின் வாயில் வைத்தாள். அழுகை அடங்கியது.

அந்த வழியாகப் போன வயதான அம்மாள் ஒருத்தி, துணிக்குள் பால் குடிக்கும் சத்தத்தைக் கேட்டு நின்றாள். ஹர்ஷிதாவைப் பார்த்து, இந்தக் காலத்தில் இப்படிக் கொடுக்கிறாயே, நல்லா இரும்மா என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஹர்ஷிதா தலையாட்டினாள். தன்யா துப்பட்டாவை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டாள்.